வெளிநாட்டில் இளம் மிஷனெரியாகப் போகிறவர் முதலில் சரிசெய்ய வேண்டியவை

கேள்வி: "என் வயது 22. படிப்பு முடிந்துவிட்டது. சபையார் என்னை இரண்டு வருடம் வெளிநாட்டு ஊழியத்துக்கு அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். அழைப்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நடைமுறையில் எதை ஆயத்தம் செய்வது, எங்கே தவறு நடக்கும் என்று சொல்ல ஆளில்லை. விவரமாகச் சொல்ல முடியுமா?"

அழைப்பைப் பற்றிச் சொல்ல உங்கள் போதகர் இருக்கிறார். நான் நடைமுறையோடு நிற்கிறேன். இளம் மிஷனெரிகள் பாதியில் திரும்புவதற்கு உபத்திரவம் காரணமாக இருப்பது அபூர்வம். கூட இருந்த ஊழியரோடு ஒத்துப்போகவில்லை, பணம் ஒழுங்காக வரவில்லை, உடம்பு கெட்டது, மொழி வராமல் மனம் சோர்ந்தது, விசா புதுப்பிக்க முடியவில்லை. பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றுதான். 1990களில் உலக சுவிசேஷ ஐக்கியம் பல நாடுகளின் மிஷன் ஸ்தாபனங்களிடையே நடத்திய ஆய்வும் திரும்பியவர்களில் பெரும்பகுதியினரின் காரணங்கள் தவிர்த்திருக்கக் கூடியவை என்றே கண்டது. பாதிக்கு மேல் புறப்படுமுன்பே சரிசெய்யலாம். அதற்கு ஆறு முதல் ஒன்பது மாதம் தேவை. "அடுத்த மாதமே போ" என்று யாராவது அவசரப்படுத்தினால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

முதலில் யார் அனுப்புகிறார்கள், யார் வரவேற்கிறார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மூன்று தரப்பு இருக்க வேண்டும்: அனுப்பும் சபை, நடுவில் ஒரு மிஷன் ஸ்தாபனம், போகும் நாட்டில் உங்களை ஏற்கும் உள்ளூர்ச் சபை. மூன்றாவது தரப்பு இல்லாவிட்டால், 22 வயதில் முதல் தடவையாகப் போகிறவர் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அழைக்காத இடத்தில் தனியாளாகப் போய் இறங்குவதைச் சிலர் விசுவாசம் என்று சொல்கிறார்கள். ஆனால் அப்போஸ்தலனாகிய பவுலையே அந்தியோகியா சபை கைவைத்துத்தான் அனுப்பியது; தனியாகவும் அனுப்பவில்லை.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும். அதில் இவை இருக்க வேண்டும்: தினசரி வேலையில் நீங்கள் யாருக்குக் கீழ்ப்பட்டவர், இடமாற்றம் செய்ய யாருக்கு அதிகாரம், ஆஸ்பத்திரியில் சேர்த்தால் பணம் யார் கட்டுவது, வாரத்தில் எத்தனை நாள் ஓய்வு, வருடத்தில் எத்தனை நாள் விடுப்பு, எந்தச் சூழ்நிலையில் உங்களைத் திருப்பி அழைப்பார்கள், நீங்களே திரும்ப விரும்பினால் யாரிடம் சொல்வது. அனுப்பும் சபையில் உங்களுக்காக இரண்டு பேர் பெயர் குறிப்பிட்டு நியமிக்கப்பட வேண்டும். ஒருவர் பணத்துக்கு, இன்னொருவர் உங்கள் மனநிலையையும் ஆவிக்குரிய நலனையும் விசாரிக்க. இருவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பணம் அனுப்புகிறவரிடம் யாரும் மனச்சோர்வைச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். சொன்னால் ஆதரவு நின்றுவிடுமோ என்ற பயம் வந்துவிடும்.

இனி விசா. சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்வது பல நாடுகளில் குற்றம். பிடிபட்டால் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள்; உங்களுக்கு வீடு கொடுத்த விசுவாசிதான் விசாரணைக்குப் போவார். அதனால் சட்டத்தைப் பிறர் வாயிலிருந்து கேட்காமல் தூதரகத்தின் அறிவிப்பிலேயே படியுங்கள். அமெரிக்காவின் ஆர்-1 மத ஊழியர் விசாவுக்கு விண்ணப்பத்தை அங்குள்ள சபை அல்லது ஸ்தாபனம்தான் போட வேண்டும். அதே சபைப் பிரிவில் நீங்கள் குறைந்தது இரண்டு வருடம் உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். முதலில் 30 மாதம் வரை கிடைக்கும், மொத்தம் ஐந்து வருடத்துக்கு மேல் கிடைக்காது. பல நாடுகளில் மத ஊழியர் என்று தனி விசா வகையே இருக்கிறது. அது இருக்கும் இடத்தில் வேறு வகையில் நுழைவது தேவையற்ற பொய்.

சட்டம் இறுக்கமான நாடுகளில் இன்னும் கவனம் வேண்டும். நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு பிறரை மதம் மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம் அதற்கு ஐந்து வருடம் வரை சிறை விதிக்கிறது. வெளிநாட்டவராக இருந்தால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்துகிறது. ரஷ்யாவில் 2016 முதல், பதிவுபெற்ற மத அமைப்பின் அதிகாரப் பத்திரம் இல்லாமல் வழிபாட்டு இடத்துக்கு வெளியே சுவிசேஷம் சொல்வது தண்டனைக்குரியது. இஸ்ரேலின் 1977 சட்டப்படி மதம் மாறுவதற்காகப் பணமோ பொருளோ கொடுப்பது குற்றம். அங்கே ஓர் ஏழைக் குடும்பத்துக்கு உதவுவதும் அதே வீட்டில் வேதம் படிப்பதும் சேர்ந்தால் எப்படி வாசிக்கப்படும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கிரேக்க அரசியலமைப்பின் 13ஆம் பிரிவு மதமாற்றத் தூண்டுதலைத் தடுக்கிறது. அப்படித் தூண்டினார் என்று அங்கே தண்டிக்கப்பட்ட ஒருவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போய் 1993இல்தான் நியாயம் பெற்றார். மலேசியாவில் முஸ்லிம்களிடம் பிற மதங்களைப் பரப்புவதைத் தடுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு. இவற்றையெல்லாம் பயமுறுத்தச் சொல்லவில்லை. இந்த நாடுகளிலும் சபைகள் இருக்கின்றன, ஊழியம் நடக்கிறது. எதைச் செய்யலாம், எதை உள்ளூர் விசுவாசிகள் மட்டுமே செய்யலாம் என்ற எல்லையை அவர்களிடமே கேட்டுக்கொண்டு போங்கள். ஆசிரியராகவோ நர்ஸாகவோ வேலை விசாவில் போனால் அந்த வேலையை முழு நேர்மையோடு செய்யுங்கள். வேலையைப் போர்வையாக மட்டும் வைத்திருப்பவரை அக்கம்பக்கத்தார் சில மாதங்களில் கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு அவர் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள்.

2018 நவம்பரில் ஓர் இளம் அமெரிக்கர், அந்தமானில் அரசு தடைசெய்த வட சென்டினல் தீவுக்குள் சுவிசேஷம் சொல்லப் போய் உயிரிழந்தார். அவர் மனதில் இருந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வெளியுலக நோய்களுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாத ஒரு சிறு சமூகத்துக்கு, வெளியாள் ஒருவர் சுமந்து வரும் சாதாரண ஜலதோஷம்கூடச் சாவைக் கொண்டுவரலாம். அவரைக் கொண்டுபோய்விட்ட மீனவர்கள் கைதானார்கள். சட்டத்தை மீறும் முடிவின் விலையை நாம் மட்டும் கொடுப்பதில்லை.

காகிதங்களில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்: பாஸ்போர்ட் ஆறு மாதம் செல்லுபடியானால் போதும் என்பது பயணிகளுக்கான கணக்கு. இரண்டு வருட ஊழியத்துக்குக் குறைந்தது மூன்று வருடம் மீதமிருக்கட்டும். இல்லாவிட்டால் நடுவில் புதுப்பித்து விசாவையும் மாற்ற நேரிடும். போலீஸ் சான்றிதழைப் பல தூதரகங்கள் மூன்று அல்லது ஆறு மாதத்துக்குத்தான் ஏற்கும். ஆர்வத்தில் சீக்கிரம் வாங்கி வீணாக்காதீர்கள். பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை (பிற நாடுகள் சான்றிதழை ஏற்பதற்காக நம் அரசு வைக்கும் முத்திரை) தேவையா என்று முன்கூட்டியே கேளுங்கள். அங்கே போனபின் அதை வாங்குவது பெரும்பாடு. விசா நீட்டிப்பு வேலையை முடிவுத் தேதிக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

உடல் விஷயத்தில் ஆறு மாத அவகாசம் ஏன் என்றால், ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று ஊசிகள் 0, 1, 6 மாதக் கணக்கில் போடப்படுகின்றன. ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசிக்கும் இரண்டாவது ஊசி ஆறு மாதம் கழித்துத்தான். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகே சான்றிதழ் செல்லும். 2016 முதல் அது ஆயுள் முழுவதற்கும் செல்லுபடி. நாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து உடனே கிடைக்காத உட்பகுதிக்குப் போகிறவர்கள், முன்கூட்டியே போடும் வெறிநாய்த் தடுப்பூசியைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். போட்டிருந்தாலும் கடித்தால் புண்ணை உடனே பதினைந்து நிமிடம் சோப்புத் தண்ணீரில் கழுவி, மீதி ஊசிகளுக்கு ஓட வேண்டும்.

மலேரியா தடுப்பு மாத்திரையில்தான் பெருந்தவறு நடக்கிறது. ஊரை விட்டு வெளியேறியதும் நிறுத்திவிடுகிறார்கள். டாக்ஸிசைக்ளினை வெளியேறிய பிறகும் நான்கு வாரம், அடோவாகுவோன்–புரோகுவானிலை ஏழு நாள் தொடர வேண்டும். மெஃப்ளோகுவின் வாரம் ஒரு மாத்திரை என்பதால் வசதிதான். ஆனால் கெட்ட கனவு, பதற்றம், மனச்சோர்வு தரக்கூடியது. முன்பு மனநலச் சிகிச்சை எடுத்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். இரண்டு வருடம் முழுக்க மாத்திரையில் ஓட்டுவதா, கொசுவலையையும் உடனடிப் பரிசோதனையையும் நம்புவதா என்பதை அந்தப் பகுதியில் வேலை செய்த டாக்டரோடு முடிவெடுங்கள். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எப்போதும் கையில் இருக்கட்டும். இல்லாதபோது ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு அந்த அளவைத் தாண்டக் கூடாது.

பல் சொத்தையைப் புறப்படுமுன் அடைத்துவிடுங்கள். கண்ணாடி போடுகிறவர் இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக எடுக்கும் மருந்துகளுக்கு, வணிகப் பெயர் அல்லாமல் மூலப்பெயர் எழுதிய டாக்டர் கடிதம் வேண்டும். நம்மிடம் சாதாரணமான சில மருந்துகள் வேறு நாட்டில் தடை: சூடோஎஃபெட்ரின் அதிகமுள்ள சளி மாத்திரையை ஜப்பானுக்குள் கொண்டுபோக முடியாது, கோடீன் கலந்த மருந்துக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் முன் அனுமதி தேவை. காப்பீடு எடுக்கும்போது, வேறு நாட்டு ஆஸ்பத்திரிக்கு அவசரமாக விமானத்தில் கொண்டுபோகும் செலவு அதில் அடங்குகிறதா என்று அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

பணம். மாத ஆதரவுத் தொகையைக் கணக்கிடும்போது வாடகை, சாப்பாடு, பயணம் என்று மூன்றோடு நிறுத்திவிடுவது வழக்கம். விட்டுப்போகிறவை: மொழி ஆசிரியரின் சம்பளம், விசா புதுப்பிப்புக் கட்டணம், காப்பீடு, பணமாற்றுக் கட்டணம், நாணய மதிப்பு இறக்கம், ஸ்தாபனத்தின் நிர்வாகப் பங்கு, வீட்டுக்கு வரும் விருந்தாளிகள். இவற்றையும் கூட்டி, அதன்மேல் பத்து சதவீதம் வையுங்கள். இதற்கு வெளியே இரண்டு தொகை தனிக் கணக்கில் இருக்க வேண்டும்: மூன்று மாதச் செலவு, திரும்பும் விமான டிக்கெட். டிக்கெட் பணத்தை எந்த நல்ல காரியத்துக்காகவும் தொடாதீர்கள். வாக்களித்த ஆதரவு முழுவதும், அல்லது முழுவதற்கு மிக அருகில், உறுதியாகும்வரை புறப்படாதீர்கள். 1854இல் 21 வயதில் ஷாங்காய் போய் இறங்கிய ஆங்கிலேய மிஷனெரி ஹட்சன் டெய்லருக்கு அவரை அனுப்பிய சங்கம் ஒழுங்காகப் பணம் அனுப்பவில்லை. கடைசியில் 1857இல் அதிலிருந்து விலகினார். பின்னாளில் அவர் சீன உள்நாட்டு மிஷனை நடத்திய விதத்தில் கடன் வாங்குவதில்லை என்ற கண்டிப்பு இருந்தது. எல்லாரும் ஹட்சன் டெய்லர் ஆகிவிடுவதில்லை. பல இளைஞர்கள் பணம் வராத மூன்றாவது மாதத்திலேயே உடைந்துபோகிறார்கள்.

மொழியைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். முதல் வருடத்தின் ஊழியமே மொழிதான் என்று அனுப்பும் சபையிடம் முன்கூட்டியே சொல்லி ஒத்துக்கொள்ள வையுங்கள். இல்லாவிட்டால் நான்காவது மாதமே "எத்தனை கூட்டம் எடுத்தீர்கள்?" என்று கேள்வி வரும், நீங்களும் பதில் சொல்வதற்காகவே மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பிரசங்கம் செய்ய ஆரம்பிப்பீர்கள். ஒருமுறை அந்த வசதிக்குப் பழகியவர் பிறகு மொழி கற்பதில்லை. ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவருக்கு ஏறக்குறைய 24 வயது. அவர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்து எழுதிப் படித்தார். பிறகு ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து மணிக்கணக்கில் வாசித்தார். தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி வந்ததற்கு அடித்தளம் அந்த மணல்தான். வெளிநாட்டு மிஷனெரி மொழியை எப்படிக் கற்க வேண்டும் என்பதற்குத் தமிழராகிய நமக்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

எவ்வளவு நேரம் பிடிக்கும்? அமெரிக்க வெளியுறவுப் பயிற்சி நிறுவனம் ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு ஸ்பானிஷ் மொழிக்குச் சுமார் 600 முதல் 750 வகுப்பு மணி நேரமும், ஜப்பானிய, கொரிய, சீன, அரபு மொழிகளுக்கு 2,200 மணி நேரமும் கணக்கிடுகிறது. தமிழருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஜப்பானியத்திலும் கொரியத்திலும் வினை கடைசியில் வரும், வேற்றுமை சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். வாக்கிய அமைப்பு நமக்கு வீட்டுப் பழக்கம். எழுத்துதான் மலை. சீனம், தாய், வியட்நாமியம் போன்றவற்றில் சுரம் மாறினால் பொருள் மாறும். நம் காது அதற்குப் பழகியதல்ல. அதனால் முதல் மாதம் பேசுவதைக் குறைத்துக் கேட்பதற்கே ஒதுக்குங்கள்.

நாள் ஒன்றுக்கு நான்கு மணி நேரம், வாரம் ஐந்து நாள் என்றால் 48 வாரத்தில் 960 மணி. அந்த நான்கு மணியை இப்படிப் பிரிக்கலாம். இரண்டு மணி மொழி உதவியாளரோடு. அவர் போதகராகவோ உங்கள் மேலாளராகவோ இருக்க வேண்டாம். அவசரமில்லாத, வாய் ஓயாமல் பேசும் ஒரு வயதான அம்மாவோ கல்லூரி மாணவரோ நல்லது. ஒரு மணி அன்று பதிவு செய்த ஒலியைத் திரும்பக் கேட்க. கடைசி ஒரு மணி தெருவில்: அன்று கற்ற மூன்று நான்கு வாக்கியங்களை இருபது பேரிடமாவது சொல்லிப் பாருங்கள். "நான் உங்கள் மொழியைக் கற்கிறேன். இன்று இவ்வளவுதான் தெரியும். நாளை வருகிறேன்." இந்த மூன்று வாக்கியம் முதல் வாரத்துக்குப் போதும். இருபது பேர் முகம் பழகிவிடும், யாராவது திருத்துவார்கள், யாராவது டீ குடிக்கக் கூப்பிடுவார்கள். நாளுக்குப் பத்து, பதினைந்து புதுச் சொல். ஐம்பது என்று ஆசைப்பட்டால் அதில் நாற்பது சொல் மறுநாளே மறந்திருக்கும்.

தமிழ் எழுத்தில் உச்சரிப்பை எழுதிவைக்கும் பழக்கத்தைச் சீக்கிரம் விட்டுவிடுங்கள். நம் எழுத்தில் ஒரே 'க' பல ஒலிகளைச் சுமக்கிறது. மூச்சொலிகளுக்கு இடமே இல்லை. இந்தி, வங்கம், நேபாளி, தாய் எதையும் தமிழ் எழுத்தில் எழுதிப் படித்தால் அங்கே வெவ்வேறான ஒலிகள் நம் வாயில் ஒன்றாகிவிடும். பிறகு அதைத் திருத்த வருடம் ஆகும். அந்த ஊர் எழுத்தை முதல் ஆறு வாரத்தில் கற்றுவிடுங்கள். எழுத்து கூட்டத் தெரிந்ததும் மாற்கு சுவிசேஷத்தை அந்த மொழியில் தினமும் சத்தமாக வாசியுங்கள். 16 அதிகாரம், கதை நமக்கு ஏற்கனவே தெரியும். உங்கள் சாட்சியை, அதாவது நீங்கள் விசுவாசத்துக்கு வந்த விதத்தை, மூன்று நிமிடத்துக்கு எழுதி, உள்ளூர் விசுவாசி ஒருவரிடம் திருத்தி, மனப்பாடம் செய்யுங்கள்.

மொழிபெயர்ப்பாளரோடு பேச வேண்டி வந்தால் நேரம் இரட்டிக்கும். இருபது நிமிடச் செய்தி நாற்பது ஆகும். முதல் நாளே குறிப்பையும் வசனங்களையும் அவரிடம் கொடுங்கள். ஒரு மூச்சில் ஒரு வாக்கியம். எதுகை மோனையும் அடுக்குமொழியும் நம் மேடைக்கு அழகு. மொழிபெயர்ப்பில் அவை உதிர்ந்துவிடும், மிஞ்சுவது என்ன என்று பார்த்துப் பேசுங்கள்.

கூட இருக்கும் ஊழியரோடு உறவு. இயேசு சீஷர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் என்று வாசித்திருக்கிறோம். இரண்டு பேர் ஒரே அறையில் எட்டு மாதம் இருப்பது எப்படி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையார் தங்கள் இளைஞர்களை 24 மாதமும் இளம்பெண்களை 18 மாதமும் அனுப்புகிறார்கள். எப்போதும் துணையோடுதான் இருக்க வேண்டும் என்பது அங்கே கண்டிப்பு; துணையையும் அவ்வப்போது மாற்றுகிறார்கள். அவர்கள் உபதேசத்தோடு நமக்கு உடன்பாடு இல்லாவிட்டாலும், இந்த ஒழுங்கின் பின்னாலுள்ள அனுபவத்தை மதிக்கலாம். முதல் வாரத்திலேயே உட்கார்ந்து பேசி எழுதுங்கள்: சமையல் யார் எந்த நாள், விளக்கு எத்தனை மணிக்கு அணையும், பொதுப் பணம் எங்கே, விருந்தாளி வந்தால் முன்பே சொல்வதா, சத்தமாக ஜெபிக்கும் நேரம் எது. அற்பமாகத் தோன்றும். ஊழியர்கள் பெரும்பாலும் உபதேசத்துக்காகச் சண்டையிடுவதில்லை, கழுவாத பாத்திரத்துக்காகவே சண்டையிடுகிறார்கள். வாரம் ஒரு மணி நேரம் குறித்து, இந்த வாரம் எது வருத்தியது, எது உதவியது, அடுத்த வாரம் எதை மாற்றலாம் என்று இருவரும் மாறிமாறிப் பேசுங்கள். மனவருத்தம் இருந்தால் மத்தேயு 18ல் சொன்ன வரிசை: முதலில் தனியாக அவரிடம், பிறகு சாட்சியோடு, பிறகுதான் சபையிடம். வாட்ஸ்அப்பில் ஊருக்கு எழுதுவது அந்த வரிசையில் எங்கும் இல்லை. பவுலும் பர்னபாவுமே மாற்குவின் நிமித்தம் பிரிந்தார்கள்; ஆனால் இருவரும் ஊழியத்தை விடவில்லை. ஒத்தே போகாவிட்டால் துணையை மாற்றக் கேட்பது தோல்வி ஆகாது.

வீட்டோடு பேசுவதில் வாரம் ஒரு முறை நல்ல அளவு. மார்மன் மிஷனெரிகளுக்கு வருடத்தில் இரண்டே அழைப்பு என்ற பழைய விதி 2019 பிப்ரவரியில் வாரம் ஒன்றாக மாறியது. அத்தனை இறுக்கமும் வேண்டாம். தினம் மூன்று மணி நேரம் அம்மாவோடு வீடியோவில் இருப்பதும் வேண்டாம். உடம்பு அங்கேயும் மனம் இங்கேயுமாக இருந்தால் எந்த ஊரும் பழகாது.

உள்ளூர்ச் சபைக்குள் உங்கள் இடம் என்ன? இளையவர், கற்றுக்கொள்ள வந்தவர். பெரியவர்களை எப்படி அழைப்பது, யார் முன்னால் உட்காரலாம், பெண்களோடு எவ்வளவு பேசலாம், எந்தக் கையால் கொடுப்பது என்று கேட்டுக் கேட்டுச் செய்யுங்கள். முதல் ஆறு மாதம் எதையும் விமர்சிக்க வேண்டாம். பாட்டு நீளம், நேரம் தவறுகிறார்கள், இப்படியா ஆராதிப்பது என்று தோன்றுவதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து வாசித்தால் பாதிக்குக் காரணம் புரிந்திருக்கும். எதிர்பாலாரோடு தனியறையில் ஆலோசனையும் ஜெபமும் வேண்டவே வேண்டாம். காதல், திருமணப் பேச்சு முதல் வருடத்தில் வேண்டாம் என்று பல ஸ்தாபனங்கள் விதி வைப்பதற்குக் காரணம் உண்டு: வெளிநாட்டவர் என்ற கவர்ச்சியும் உங்கள் தனிமையும் சேரும்போது யாருக்கும் நிதானம் இருக்காது, விளைவைச் சுமப்பவர் அந்த ஊர்ப் பெண்ணோ பையனோதான்.

பிள்ளைகள் ஊழியத்தில் ஒரு விதியை வளைக்கவே வளைக்காதீர்கள்: ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது. இரண்டு பெரியவர்கள், அல்லது பலர் பார்க்கும் திறந்த இடம். இது பிள்ளையையும் உங்களையும் காக்கும். அநாதை இல்லத்தில் சில மாதம் பாசம் காட்டிவிட்டு வருகிற ஊழியத்தை நான் ஆதரிப்பதில்லை. பிள்ளை ஒருவரோடு ஒட்டும், அவர் போவார், அடுத்தவர் வருவார், அவரும் போவார். ஏற்கனவே பிரிவால் காயப்பட்ட பிள்ளைக்கு அது மறுபடி மறுபடி நேரும். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை வலைத்தளத்தில் போடாதீர்கள்.

பண உதவி கேட்டு வருவார்கள், வந்தே தீருவார்கள். தனியாகக் கையில் கொடுத்தால் பத்து நாளில் வாசலில் வரிசை நிற்கும். கிடைக்காதவர் சபையை விட்டுப் போவார். கிடைத்தவரின் விசுவாசத்தை ஊரார் விலைக்கு வாங்கியதாகப் பேசுவார்கள். கொடுக்க மனமிருந்தால் உள்ளூர்ச் சபையின் உதவிக் குழுவிடம், உங்கள் பெயர் தெரியாமல் கொடுங்கள். யாருக்கு உண்மைத் தேவை என்று அவர்களுக்குத்தான் தெரியும். கடன் கொடுக்க வேண்டாம். உங்களோடு முடிந்துபோகிற சம்பளத்தில் உள்ளூர் ஊழியரை வேலைக்கு வைக்கவும் வேண்டாம். நீங்கள் திரும்பிய மாதமே அவர் குடும்பம் பட்டினி.

ஜெபக்கடிதம் மாதம் ஒன்று, ஒரு பக்கம். நடந்தது இரண்டு, ஜெபக்குறிப்பு மூன்று, நன்றி. புது விசுவாசிகளின் பெயர், ஊர், படம் எதுவும் வேண்டாம். நீங்கள் எழுதுவதை அந்த ஊர் அதிகாரியும் அந்த விசுவாசியின் அண்ணனும் வாசிப்பார்கள் என்று நினைத்தே எழுதுங்கள். வறுமையையும் அழுக்கையும் பெரிதாக்கிக் காட்டிக் காணிக்கை சேர்ப்பது, உங்களுக்குச் சோறு போட்ட குடும்பத்தை அவமானப்படுத்துவது. எண்ணிக்கை கேட்டு நெருக்கினால் உள்ளதைச் சொல்லுங்கள். பர்மாவுக்கு 1813இல் போன அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சனுக்கு முதல் ஞானஸ்நானம் 1819இல்தான் கிடைத்தது. ஞானஸ்நானம் கொடுப்பதை உள்ளூர்ச் சபையே தீர்மானிக்கட்டும். பிறகு அவரைத் தாங்கப்போவது அவர்கள்தான்.

மூன்றாவது மாதத்துக்கும் ஆறாவது மாதத்துக்கும் நடுவில் பலருக்கு மனம் இறங்கும். புதுமை தீர்ந்திருக்கும், மொழி இன்னும் வந்திருக்காது. அடையாளங்கள்: அதிகத் தூக்கம் அல்லது தூக்கமின்மை, வெளியே போகாமல் போனில் கிடப்பது, அந்த ஊர் மக்கள் எல்லாரையும் ஒரே வார்த்தையில் திட்டுவது, வேதம் திறக்கவே மனமில்லாமை. இதை ஆவிக்குரிய பலவீனம் என்று மட்டும் எடுத்துக்கொண்டு உபவாசத்தைக் கூட்டுகிறவர்கள் இன்னும் சோர்ந்துபோகிறார்கள். முதலில் தூக்கம், ஒழுங்கான சாப்பாடு, தினம் அரை மணி நடை, வாரம் ஒரு முழு நாள் ஓய்வு, மாதம் ஒரு நாள் ஊரை விட்டு வெளியே. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உங்களுக்காக நியமிக்கப்பட்டவரிடம் சொல்லுங்கள், டாக்டரைப் பாருங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள். அப்போது ஊர் திரும்புவதுதான் சரியான முடிவென்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பம்பிலியாவில் பாதியில் திரும்பிய மாற்குவைப் பின்னாளில் ஊழியத்துக்குப் பிரயோஜனமானவன் என்று பவுலே கூப்பிட்டனுப்பினார்.

திரும்பும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே பொறுப்புகளை உள்ளூர் ஆட்களுக்கு மாற்ற ஆரம்பியுங்கள். கடைசி மாதம் நீங்கள் பார்வையாளராக மட்டும் இருங்கள். வீட்டு வாடகை, மின்கட்டணம், வாங்கிய பொருள்கள் எல்லாவற்றுக்கும் கணக்கு முடித்து எழுத்தில் கொடுங்கள். விடைபெற ஒவ்வொரு வீடாகப் போக இரண்டு வாரம் ஒதுக்குங்கள். சொல்லாமல் போவதைப் பல இடங்களில் மன்னிக்க மாட்டார்கள். ஊர் வந்ததும் அடுத்த ஞாயிறே மேடையேற்றுவார்கள். அதற்கு முன்பு, உங்களை அறிந்த அனுபவமுள்ள ஒருவரோடு இரண்டு நாள் உட்கார்ந்து நடந்ததையெல்லாம், கசப்பானதையும் சேர்த்து, பேசி முடியுங்கள். சில மாதம் சொந்த ஊரே அந்நியமாகத் தெரியும். வேலை தேடும்போது இரண்டு வருட இடைவெளியைக் கேட்பார்கள். அங்கே கற்ற மொழி, நிர்வகித்த கணக்கு, நடத்திய வகுப்பு எல்லாவற்றையும் தேதியோடு எழுதி, ஸ்தாபனத்திடம் அனுபவச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். மலேரியா உள்ள பகுதியிலிருந்து வந்திருந்தால், ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும் எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதை டாக்டர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள்.